என் பட்டியலும் அவள் சிறுநீரகமும்

என் மனைவியின் சிறுநீரகத்திலும் நோய் இறங்கியிருக்கிறது என்று புதுச்சேரி மருத்துவர் சொன்ன அன்று நான் அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். தாசில்தாரிலிருந்து கரும்பு வெட்டும் ஆள் வரை யாரிடமும் மூன்று கேள்வியாவது கேட்காமல் நகர்ந்ததில்லை. அன்று கேட்காததற்கு அதிர்ச்சி காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை வேறு. பதில் ஏற்கெனவே என் கையில் இருக்கிறது என்று நம்பினேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்குப் பல ஆண்டுகள் முந்திய காலம். எங்கள் பக்கம் செல்போன் வரவில்லை. அவசரச் செய்தியை ஃபேக்ஸில் அனுப்புவேன். மற்றதைக் கவரில் போட்டு பஸ்ஸில் கொடுப்பேன். மனைவி கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு மேலே போகிற முதல் பஸ்ஸைப் பிடித்தால் பள்ளி மணிக்குச் சரியாக இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் விடுதிப் பொறுப்பு. அந்த நாட்களில் மலையிலேயே தங்கிவிடுவாள்.

நோய் முதலில் விரல் மூட்டுகளில் வந்தது. சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை என்றாள். பிறகு வெயிலில் நடந்தால் மூக்கின் இரு பக்கமும் கன்னம் சிவந்து தடித்தது. தலைமுடி சீப்போடு வந்தது. அதற்கு முன்பே இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. புதுச்சேரியில்தான் லூப்பஸ் என்று பெயர் சொன்னார்கள். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் உடம்பையே அடிக்கிறது என்று விளக்கினார்கள். மாத்திரையில் மூட்டுவலி அடங்கியது. எட்டு மாதம் கழித்து அதே மருத்துவர் சிறுநீர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "கிட்னியிலயும் லேசா காட்டுது. இன்னும் சில டெஸ்ட் பாக்கணும், ஒரு மாசத்துல வந்துடுங்க" என்றார். சரி என்று எழுந்து வந்தோம். ஒரு மாதத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நான் வேட்புமனு, வாபஸ், வாக்கு எண்ணிக்கை என்று அலைந்தேன். புதுச்சேரி தள்ளிப் போனது.

என் கையில் இருந்த பதில் எது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பு, டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுநீரக விழிப்புணர்வு முகாம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த மருத்துவர் ஒரு மணி நேரம் பேசினார். பாதியிலேயே கூட்டம் பந்திக்கு எழுந்துவிட்டது. நான் கடைசி வரை உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். என் செய்தியில் ஒரு பகுதி, 'சிறுநீரக நோயாளிகள் தவிர்க்க வேண்டியவை' என்ற தலைப்பில் கட்டம் கட்டி வந்தது. இளநீர் கூடாது. வாழைப்பழம், ஆரஞ்சு, சப்போட்டா கூடாது. கீரையும் உருளைக்கிழங்கும் கூடாது. மற்ற காய்களை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைக்க வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும்.

நான் எழுதியவற்றில் ஜனங்கள் கத்தரித்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். மணலூர்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதைப் பார்த்தேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்துக்குப் போய் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டு அடுப்பங்கரைச் சுவரிலும் அது ஒட்டியிருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

செய்தி தெரிந்ததும் எதிர்வீட்டு அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவிக்குக் காய் வடிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு இந்தப் பேப்பராலதான் உசுரோட கீறாரு. ஒரு தண்ணி வடிச்சா பத்தாது டீச்சரம்மா. ரெண்டு தண்ணி வடிக்கணும்."

"சக்கையா இருக்குதே. இத எப்படிக்கா துன்றது?"

"நாக்கக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத் துன்னு. எழுதுன மனுசனே உன் வூட்ல கீறாரு. உனுக்கு இன்னா கொற?"

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பட்டியலை நான் ஒரு வரி விடாமல் நடத்தினேன். ஒரு லிட்டர் பாட்டிலில் காலையில் தண்ணீர் பிடித்து வைப்பேன். அன்றைக்கு அவ்வளவுதான். அவளுக்கோ தாகம் அடங்கவில்லை. "தொண்ட ஒட்டிக்கினு கீதுங்க" என்பாள். நான் பாட்டிலைக் காட்டுவேன். தண்ணீர் குறைத்துக் குடித்தும் அடிக்கடி சிறுநீர் போனாள். குடிப்பது குறைவாகவும் போவது அதிகமாகவும் இருப்பது எப்படி என்று ஒரு நிருபனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏரியில் இந்தக் கணக்கு வந்திருந்தால் மதகு உடைந்திருக்கிறதா என்று பார்க்கப் போயிருப்பேன்.

கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு ஒரு சின்ன மேடு. அதில் ஏற, காலில் மணல்மூட்டை கட்டிய மாதிரி இருக்கிறது என்றாள். நோய் ஏறுகிறது என்று முடிவு செய்தேன். இரண்டு தண்ணீரை மூன்று தண்ணீர் ஆக்கினேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். மலையில் தங்கிவிட்டு வருகிற நாட்களில் அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். மாடிப்படி ஏறினாள். மலைக்காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அவள் டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தபோது மூடிக்குள் வாழைப்பழ நார் ஒட்டியிருந்தது. பள்ளிப் பையின் அடியில் பழக்கறை. கணக்கில் இடிக்கிற கிராம அதிகாரியைக் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டேன். காலையில் என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய், அப்புறம் என்ன. நான்காவது கேள்வியில் ஒப்புக்கொண்டாள். பள்ளிச் சமையல்கார அம்மாள் மலையில் சாமை விதைக்கிற குடும்பம். வீட்டைச் சுற்றி வாழை. மலைவாழைத் தாரை வெட்டி விடுதிக்குக் கொண்டுவருவாள். என் மனைவி அதில் ஒரு நாளைக்கு நாலும் ஐந்துமாக மாதக்கணக்கில் தின்றிருக்கிறாள். தண்ணீரும் சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறாள்.

"அத துன்னாதாங்க எனக்குக் கால் வருது" என்றாள்.

"அது நாக்கு சொல்றது. உடம்பு சொல்றது இல்ல" என்றேன்.

அவள் வாதாடவில்லை. நான்தான் விடவில்லை. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "இதெல்லாம் வாயால சொன்னா கேக்காதுங்க. சூடம் அணைக்கச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு இளநி குடிக்கறத அப்படித்தான் நிறுத்துனேன்" என்றாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் என் மனைவிக்கு உண்டு என்பது தெரியும். தெரிந்துதான் செய்தேன். சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினேன். இனி அந்தப் பழத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லி அவள் உள்ளங்கையால் அதை அணைத்தாள்.

ஒன்பதாவது நாள் காலை எட்டு மணிக்கு பஸ் நிலையத்தில் இருந்தேன். மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸுக்காக எப்போதும் அங்கே நிற்பேன். மலைச் செய்தி எதுவாக இருந்தாலும் அந்தக் கண்டக்டர்தான் கொண்டுவருவார்; கரடி கடித்தது, மரம் விழுந்தது, சாராய ஊறல் பிடித்தது. அன்று அவர் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கி என்னிடம் வந்தார்.

"சார், பதறாதீங்க. பின் சீட்ல டீச்சர் கீறாங்க. காலைல எழுந்துக்கவே இல்லயாம். கை கால் வரலையாம்."

கடைசி நீள இருக்கையில் அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். அவள் தலை, பள்ளிச் சமையல்கார அம்மாளின் மடியில் இருந்தது. அந்த அம்மாள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தாள். விட்டால் கழுத்து நிற்கவில்லை. என் மனைவிக்கு முழு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தாள். "கை தூக்க முடியலங்க" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. நான் அவள் கையைத் தூக்கிப் பார்த்தேன். விட்டதும் விழுந்தது.

"கட்டுவிரியனா இருக்கும்" என்றார் ஒரு பயணி. மலைப் பக்கத்தில் அது புதிதல்ல. தரையில் படுப்பவரை அந்தப் பாம்பு கடித்தால் கடிவாய்கூடத் தெரியாது. விடியும்போது ஆள் அசைய முடியாமல் கிடப்பார். அப்படி எத்தனையோ செய்திகள் நானே எழுதியிருக்கிறேன். ஆட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவள் பாதங்களில் கடிவாய் தேடினேன்.

சமையல்கார அம்மாள் என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "பாம்பு இல்ல சார். நாலு நாளாவே டீச்சருக்கு மாவு பெசஞ்ச கணக்கா கை தளந்து போச்சு. பழத்த உரிச்சிக் கையில வெச்சேன். சூடம் அணச்சிட்டேன், வாணாம்னு வெச்சிட்டாங்க. அத துன்னுக்கினு இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க."

படிக்காத பொம்பிளை என்று நினைத்தேன். அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தவர் இளம் மருத்துவர். விஷமுறிவு மருந்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு அவள் முகத்தருகே குனிந்தார். மேலே பார்க்கச் சொன்னார். பார்த்தாள். கண்ணை இறுக மூடித் திறக்கச் சொன்னார். செய்தாள். "கட்டுவிரியன்னா மொதல்ல கண்ணிமை தொங்கும். இவங்களுக்குக் கண்ணு நல்லாருக்கு" என்றார். ஈசிஜி எடுக்கச் சொன்னார். அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்ல என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

நான் ஒரு மாணவனைப்போல் வரிசையாக ஒப்பித்தேன். இளநீர் இல்லை, பழம் இல்லை, மூன்று தண்ணீர் வடித்த காய், ஒரு லிட்டர் தண்ணீர். அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப எறங்கியிருக்கும்னு நெனைக்கறேன். இங்க உடனே அளக்க வழியில்ல. டிரிப்ஸ்ல பொட்டாசியம் கலந்து போட்டு அனுப்பறேன், புதுச்சேரி போயிடுங்க. வழியில இவங்கள ஒரே மூச்சுல எண்ணச் சொல்லிக்கினே போங்க. நல்லா இருக்கறவங்க முப்பது வரைக்கும் எண்ணலாம். பத்துக்குக் கீழ போனா மூச்சு விடற தசையும் தளருதுன்னு அர்த்தம்."

"போனா நான் என்ன செய்யணும்?"

"நர்ஸ் கூட வராங்க" என்றார். சீட்டு எழுதி நர்ஸிடம் கொடுத்தார்.

ஆம்புலன்ஸில் நான், நர்ஸ், சமையல்கார அம்மாள். அந்த அம்மாள் அதற்கு முன் கள்ளக்குறிச்சியைத் தாண்டியதில்லை. செருப்பு இல்லை. மாற்றுச் சேலை இல்லை. தலையைப் பிடித்த கையை எடுக்காமலேயே ஏறிவிட்டாள்.

என் சட்டைப்பையில் குறிப்பேடு இருந்தது. எண்ணியதை எழுதினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தியாகதுருகம் தாண்டும்போது பதினான்கு. உளுந்தூர்பேட்டையில் பதினொன்று. நெடுஞ்சாலையில் ஏறி, திருநாவலூர் பிரிவு கடந்தபோது மறுபடி எண்ணச் சொன்னேன்.

"இன்னாங்க இது, ஒண்ணாங் கிளாசுக்குப் பாடம் எடுக்கற மாதிரி" என்றாள். அதைச் சொல்வதற்கே மூன்று முறை மூச்சு வாங்கினாள். பிறகு எண்ணினாள். பத்து. விழுப்புரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி போனது. பெட்டிகளை எண்ணினேன், நாற்பத்தொன்று. கேட் திறந்தபோது அவள் எட்டு வரை எண்ணினாள்.

"சொட்டைக் கொஞ்சம் வேகமா விடுங்க சிஸ்டர்" என்றேன்.

"கூடாதுங்க. வேகமா போனா நெஞ்சு நின்னுடும்."

"இல்லாட்டியும் நிக்கப் போவுதே."

நர்ஸ் சொட்டின் வேகத்தை மாற்றவில்லை. சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு முன்னால் இரண்டு மரணங்கள் இருந்தன. ஒன்று குறைவால், ஒன்று அதிகத்தால். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

புதுச்சேரியில் ரத்தம் எடுத்த அரைமணி நேரத்தில் அளவு வந்தது. பொட்டாசியம் மூன்றரைக்குக் குறையக் கூடாது. அவளுக்கு ஒன்று புள்ளி ஏழு. ரத்தத்தில் அமிலம் ஏறிக் கிடந்தது. செயற்கை மூச்சுக் குழாயைத் தட்டில் எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். ஆறு வரை எண்ணினாள்.

மூத்த பெண் மருத்துவர் ஒருவர் என்னை வராந்தாவுக்கு அழைத்து விளக்கினார். நான் எழுதிக்கொண்டேன். "லூப்பஸ் பொதுவா கிட்னியோட வடிகட்டியத்தான் அடிக்கும். வடிகட்டி ஓட்டையானா புரதம் போகும், கால் வீங்கும், பிரஷர் ஏறும். எல்லாரும் அதத்தான் தேடுவாங்க. இவங்களுக்கு வடிகட்டி பெரும்பாலும் நல்லாருக்கு. அதுக்குப் பின்னாடி சின்னச் சின்னக் குழாய்ங்க இருக்கு. வடிகட்டினதுல உடம்புக்கு வேண்டியதத் திருப்பி எடுக்கறதும், அமிலத்த வெளிய தள்றதும் அதுங்க வேலை. நோய் அங்க போயிருக்கு. அமிலம் உள்ள நின்னுடுது. பொட்டாசியம் மூத்திரத்துல போயிக்கிட்டே இருக்கு. அபூர்வம்தான், ஆனா நடக்கும். கிட்னி கெட்டா பொட்டாசியம் ஏறும்னுதான் ஊருக்கெல்லாம் தெரியும். இவங்களுக்கு எறங்குது."

"நாங்க சாப்பாட்டுல..." என்று தொடங்கினேன்.

"பாத்தேன், கள்ளக்குறிச்சி டாக்டர் சீட்டுல எழுதியிருக்கார். போற பொட்டாசியத்துக்கு ஈடா உள்ள வர்றது பழம், காய், இளநி வழியாத்தான். அதையும் வடிச்சிக் கொட்டியிருக்கீங்க. வாழைப்பழம் மட்டுமே போதாதுதான். ஆனா இத்தன நாள் அதுல ஏதோ ஓடியிருக்கு. யார் குடுத்த பட்டியல் இது?"

"பேப்பர்ல வந்தது" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். பேப்பரில் எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஆறு. இரண்டரைக்கு ஆறு. மூன்று மணிக்கு அவள் எண்ணத் தொடங்கி ஐந்தில் நிறுத்தினாள். மருத்துவர் கையுறை மாட்டினார். என்னை வெளியே போகச் சொன்னார்கள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மருத்துவர் குழாயைக் கையில் எடுத்துவிட்டு, அவள் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவியின் எண்ணைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடம் இருக்கலாம். குழாயைத் தட்டில் திரும்ப வைத்தார். மறுபடி எண்ணச் சொன்னது உதட்டசைவில் தெரிந்தது. அவள் உதடுகளை எண்ணினேன். ஐந்து. ஆறு. ஏழில் நின்றது.

அதன் பிறகு எண் இறங்கவில்லை. விளக்கு போடும் நேரத்தில் பன்னிரண்டு. சமையல்கார அம்மாள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள். அவள் இரண்டு கைகளும் தலையைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி விட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள், என் மனைவி சுவரைப் பிடித்து நடந்தபின், மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தேன். பழைய குறிப்பேடுகளை வருடவாரியாகக் கட்டி வைப்பது என் வழக்கம். முகாம் நடந்த மாதத்தைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில், பட்டியலுக்குக் கீழே, கடைசியாக ஒரு வரி இருந்தது. 'இது எல்லாருக்கும் இல்ல. ரத்தத்துல பொட்டாசியம் பாத்துத்தான் முடிவு. சிலருக்கு எறங்கும், அவங்களுக்கு இது ஆபத்து.' அடிக்கோடு இட்டிருந்தேன். செய்தி ஒரு ஃபேக்ஸ் பக்கத்துக்கு இரண்டு வரி மிஞ்சியது எனக்கு நினைவு வந்தது. செய்தியை வெட்டுவதென்றால் கீழிருந்து வெட்ட வேண்டும் என்பது நாங்கள் முதலில் கற்கும் பாடம். முக்கியமானதை மேலே வை, கடைசி வரி போனால் ஒன்றும் கெடாது. அப்படித்தான் வெட்டினேன்.

துணிப்பையோடு குறிப்பேட்டையும் கொண்டுபோய் அவளிடம் படித்துக் காட்டினேன். படித்து முடிக்கும்வரை கேட்டாள்.

"அந்த வரிய எடுத்துட்டு அந்த எடத்துல இன்னா போட்டாங்க?"

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. வெளிவந்த செய்தியையும் எடுத்துப் பார்த்திருந்தேன். "ஒண்ணும் போடல. எடம் மிஞ்சிடுச்சு. தலைப்பப் பெருசாக்கிட்டாங்க."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கழுத்தைத் தானாகத் திருப்பினாள் என்பதை அந்த நேரத்திலும் நான் கவனித்தேன்.

சமையல்கார அம்மாளை மலை பஸ்ஸில் ஏற்றிவிடும்போது மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கறீங்க? நான் சொன்னப்ப கேக்கலையே" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

திருத்தம் எழுதி அனுப்பினேன். நாளிதழின் செய்தி டெஸ்க்கிலிருந்து போன் வந்தது. நூறு பேரில் பெரும்பாலோருக்குப் பழைய பட்டியல் சரிதானே, ஜனங்களைக் குழப்ப வேண்டாம் என்றார்கள். மருந்துக்கடைக் கண்ணாடிக்கு அடியில் இருந்ததை நானே போய் எடுத்தேன். எதிர்வீட்டில் எடுக்க முடியவில்லை. அந்த வீட்டுக்காரருக்கு அது சரியான பட்டியல்தான். ஆனால் அந்த அம்மாள் எங்கள் வீட்டு வாசலில் இளநீர்க் குலையைப் பார்த்துவிட்டு, "கட்டுனவளக் கொல்றதுக்கு இப்படியும் ஒரு வழி" என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னாள். நான் விளக்கினேன். அவள் நம்பவில்லை.

இரண்டு ஆண்டுகள் பொட்டாசியம் ஏற்றும் கசப்பு சிரப்பும் இளநீரும் பழமுமாக ஓடின. அவள் மலையேறி வேலைக்குப் போனாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தோம். ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. அப்படி ஒரு முறை போனபோது, அதே பெண் மருத்துவர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். அவள் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது.

"இப்ப வடிகட்டியும் போயிடுச்சு" என்றார். "பொட்டாசியம் அஞ்சத் தாண்டக் கூடாது, அஞ்சு புள்ளி ஒம்பது இருக்கு. சிரப்ப இன்னிக்கே நிறுத்துங்க. இளநி வேணாம், பழம் வேணாம். திங்கக்கிழம வந்து சேருங்க, கிட்னியில சதைத் துணுக்கு எடுத்துப் பாக்கணும்."

"எது வரைக்குங்க இப்படி?" என்று என் மனைவி கேட்டாள்.

"அடுத்த ரத்தம் பாக்கற வரைக்கும்" என்றார் மருத்துவர்.

திரும்பும் பஸ்ஸில் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்தோம். விழுப்புரத்தில் ஏறிய ஒரு பெண் என் மனைவியின் பக்கத்தில் இடம்பிடித்தாள். நடுத்தர வயது, கையில் ஒரு கூடை. பஸ் புறப்பட்டதும் கூடையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தைப் பிய்த்து, ஒன்றை என் மனைவியிடம் நீட்டினாள்.

"எனக்கு ஆவாதுங்க."

"ஏங்க, ஒடம்புக்கு இன்னா?"

"கிட்னி."

அந்தப் பெண் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள். "எங்க வூட்டுக்காரருக்கும் கிட்னின்னுதாங்க சொல்லியிருக்காங்க. போன வாரந்தான். இன்னா குடுக்கணும், இன்னா குடுக்கக்கூடாதுன்னு ஒண்ணும் புரியல. அழுதுக்கினே கெடக்கறேன். நீங்க இன்னா சாப்பிடறீங்க? பழம் ஆவாதுன்றீங்களே, வேற இன்னா ஆவாது? சொல்லுங்க, பையனவிட்டு எழுதிக்கறேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அவருக்கு ரத்தத்துல பொட்டாசியம் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? நீங்க சாப்பிடறதச் சொல்லுங்க, போதும்."

"இவங்க சாப்பிடறது அவருக்கு ஆகுமான்னு தெரியாதும்மா. டாக்டர்கிட்ட அந்த ஒண்ணக் கேளுங்க. அதக் கேக்காம எதையும் நிறுத்தாதீங்க, எதையும் குடுக்காதீங்க."

அவள் என்னையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள். கெஞ்சிய முகம் இறுகியது.

"சொல்ல மனசில்லன்னா உடுங்க" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு முன் இருக்கைக்குப் போய்விட்டாள். உளுந்தூர்பேட்டையில் இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.